விடுமுறையின் கடைசி நாளில் வரலாற்றுத் தலங்களும் வழிபாட்டுத் தலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் திரும்பும் நாளில் விமானமோ ரயிலோ மாலையில்தான் என்றால், இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் ஒரு கோயிலையோ தேவாலயத்தையோ பழைய அரண்மனையையோ பார்த்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது. அப்படித் திட்டமிடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. திறப்பு நேரங்களும் நுழைவு விதிகளும் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் வாரத்தில் அந்தந்தத் தலத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயணத்தின் மிக முக்கியமான இடத்தைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். எந்த இடத்தைப் பார்க்காமல் திரும்பினால் இவ்வளவு தூரம் வந்ததே வீண் என்று தோன்றுமோ, அந்த இடத்தை அதற்கு முந்திய நாளுக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். மற்ற நாட்களில் ஒரு வாசல் மூடியிருந்தாலோ வரிசை மிக நீண்டிருந்தாலோ மறுநாள் காலையில் மீண்டும் போகலாம். கடைசி நாளுக்கு அந்த மறுநாள் கிடையாது. அதோடு, கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பவர் எவ்வளவு பெரிய கட்டடத்தின் முன் நின்றாலும் அதை முழுமனத்தோடு பார்ப்பதில்லை.

பார்க்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் குறையில்லை என்று சொல்லக்கூடிய இடமே கடைசி நாளுக்குப் பொருத்தமானது. அதைவிடப் பொருத்தமான ஒரு வழியும் உண்டு, ஆனால் அதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை: பயணத்தின் தொடக்கத்தில் பார்த்துப் பிடித்துப்போன இடத்துக்கே இரண்டாம் முறை செல்வது. முதல் முறை கூட்டத்தோடு நகர்ந்து, வழிகாட்டி கைகாட்டிய பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்திருப்போம். இரண்டாம் முறை வழி தெரியும், வரிசை எங்கே தொடங்குகிறது என்பது தெரியும், எதைப் பார்க்க வந்தோம் என்பதும் தெரியும். பட்டியலில் இன்னும் ஓர் இடத்தைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசையை ஒதுக்கிவைக்க முடிந்தால், கடைசி நாளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பதே எங்கள் கருத்து.

உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

காலையிலிருந்து முன்னோக்கி அல்ல, விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். இரவு 8 மணிக்கு வெளிநாட்டு விமானம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது மாலை 5 மணிக்கு, விமான நிலையத்தில் இருக்க வேண்டும். போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆகும் என்றால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆகவே விடுதியிலிருந்து 3.30க்குக் கிளம்ப வேண்டும். விடுதியில் பெட்டிகளை எடுத்து, முகம் கழுவி, வண்டி வருவதற்குக் காத்திருக்க அரை மணி நேரமாவது ஆகும். பார்க்கும் இடத்திலிருந்து விடுதிக்கு வர இன்னொரு அரை மணி. ஆக, நண்பகல் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு 2.30க்குத் தலத்தைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். இரவு விமானம்தானே, பகல் முழுவதும் கையில் இருக்கிறது என்று நினைத்தவருக்குக் காலை 9 மணி முதல் பிற்பகல் 1.30 வரைதான் மிஞ்சுகிறது. இரண்டு இடங்களுக்கு இது போதாது. ஓர் இடத்துக்குத் தாராளமாகப் போதும்.

சாலையில் செல்லும் நேரத்தைவிட ரயிலில் செல்லும் நேரம் நம்பத்தக்கது. ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து ஃபியுமிசினோ விமான நிலையத்துக்கு நேரடி ரயிலில் 32 நிமிடங்களே ஆகும். அப்படிப்பட்ட வசதி உள்ள நகரங்களில் கூடுதலாக ஒதுக்கும் நேரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். திரும்பும் வழி நெரிசலான ஒரே சாலையாக இருந்தால், விமான நிலையம் இருக்கும் பக்கத்திலேயே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எந்தக் கிழமை எந்த இடம் மூடியிருக்கும் என்று பொதுவாகச் சொல்ல முடியுமா?

பொது விதி எதுவும் இல்லை. கடைசி நாள் திட்டங்கள் பெரும்பாலும் கெடுவது இதனால்தான். தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டிருக்கும். அன்று அங்குள்ள பள்ளிவாசலில் தொழுகை நடக்கும். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, அதே நகரின் ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் அருகிலுள்ள வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. இஸ்தான்புலின் தோப்காபி அரண்மனை செவ்வாய்க்கிழமைகளில் திறப்பதில்லை. வாட்டிகன் அருங்காட்சியகங்கள் ஞாயிறுகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விலக்கு, அன்று கட்டணமில்லை என்பதால் கூட்டம் மிக அதிகம். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம் ஞாயிறன்று வழிபாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும், சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு இடமில்லை.

விடுமுறைப் பயணங்கள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களில் முடிகின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பட்டியலின் பொருள் தெளிவாகப் புரியும். பயணத்தின் முதல் நாளிலேயே பார்க்க வேண்டிய இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூடும் கிழமையைக் குறித்துவிட்டால், கடைசி நாளுக்கு எவை மிஞ்சுகின்றன என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 5 மணிக்கு மூடும் இடத்தில் 5 மணி வரை நுழையலாம் என்பதில்லை. ரோமின் கொலோசியத்தில் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடைசி நுழைவு முடிந்துவிடும். பாங்காக்கின் பேரரண்மனையில் பிற்பகல் 3.30க்கு நுழைவுச்சீட்டு விற்பனையை நிறுத்திவிடுவார்கள்.

வழிபாடு நடக்கும் இடங்களில் பார்வையாளர்களுக்குத் தனி நேரம் உண்டா?

பெரும்பாலும் உண்டு, அது தலத்துக்குத் தலம் மாறுபடும். அருங்காட்சியகம் பார்வையாளர்களுக்காகவே திறந்திருக்கிறது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் வழிபடுகிறவர்களுக்காகத் திறந்திருக்கின்றன, நம்மையும் உள்ளே விடுகிறார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் ஏமாற்றம் குறையும்.

தென்னிந்தியக் கோயில்களில் பலவும் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலை 4 மணியளவில்தான் மீண்டும் திறக்கப்படுகின்றன. காலையில் அறையைக் காலி செய்துவிட்டு 12 மணிக்குக் கோயில் வாசலுக்கு வந்து சேர்பவர் மூன்று நான்கு மணி நேரத்தை வெயிலில் இழப்பார். அதனால், அந்த ஊர்களில் கடைசி நாளின் கோயில் தரிசனத்தைக் காலை உணவுக்கு முன்பே முடித்துக்கொள்வதுதான் சரி. இஸ்தான்புலின் சுல்தான் அகமது பள்ளிவாசல் ஐந்து வேளைத் தொழுகை நேரங்களிலும் பயணிகளுக்கு மூடப்படும். வெள்ளிக்கிழமை முற்பகல் முழுவதுமே கைவிட்டுப்போகும். வாட்டிகனில் புதன்கிழமை காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு சதுக்கத்தில் நடக்கும்போது புனித பேதுரு பேராலயத்துக்குள் செல்ல முடியாமல் போகும்.

சில இடங்களின் நிலையே காலப்போக்கில் மாறியிருக்கிறது. 537இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்ட இஸ்தான்புலின் ஹாகியா சோபியா, 1453இல் பள்ளிவாசலாகி, 1935இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டு, 2020இல் மீண்டும் பள்ளிவாசலானது. 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகள் கட்டணம் செலுத்தி, தனி வாசல் வழியாக மேல்மாடத்துக்குச் சென்று பார்க்கிறார்கள். தரைத்தளம் தொழுபவர்களுக்கு உரியது. பத்தாண்டுகளுக்கு முன் போய்வந்தவர் சொன்ன வழிமுறையை நம்பிக் கடைசி நாளில் அங்கே போய் நிற்கக் கூடாது.

வேற்று மதத்தவருக்கு நுழைவு இல்லாத இடங்களும் உண்டு. பூரி ஜகந்நாதர் கோயிலுக்குள்ளும் குருவாயூர்க் கோயிலுக்குள்ளும் இந்துக்கள் மட்டுமே செல்லலாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பிரகாரங்களை எல்லாரும் சுற்றிப் பார்க்கலாம் என்றாலும் கருவறைப் பகுதிக்குள் மற்றவர்களுக்கு அனுமதியில்லை. குழுவில் பல மதத்தவர் இருந்தால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. வாசலில் போய் இரண்டாகப் பிரிந்து நிற்பது யாருக்கும் உவப்பாக இருக்காது.

வழிபாட்டு நேரத்திலேயே உள்ளே இருக்க முடியுமானால் அது நல்லதா?

நல்லது, சில இடங்களில் மிக நல்லது. வெஸ்ட்மின்ஸ்டரிலும் லண்டனின் புனித பவுல் பேராலயத்திலும் மாலை வழிபாட்டுக்குக் கட்டணமில்லை. பாடகர் குழு பாடுவதைக் கேட்டபடி அந்தக் கட்டடத்தில் அமர்ந்திருப்பது, காதில் ஒலி வழிகாட்டிக் கருவியை மாட்டிக்கொண்டு சுற்றுவதைவிட மனத்தில் நிற்கும். ஆனால் அப்போது நாம் வழிபாட்டில் கலந்துகொள்பவர்கள், எழுந்து நடமாடவோ படம் எடுக்கவோ இயலாது, இடையில் கிளம்புவதும் முறையல்ல. நேரம் நெருக்கும் நாளில் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் முடியும் நேரத்தையும் கேட்டுக்கொண்டுதான் அமர வேண்டும்.

பெட்டிகளை என்ன செய்வது?

விடுதியிலேயே விட்டுச்செல்வதுதான் எளிது. அறையைக் காலி செய்த பிறகும் மாலை வரை பெட்டிகளை வரவேற்பறையில் வைத்திருக்கப் பெரும்பாலான விடுதிகள் சம்மதிக்கும். கடவுச்சீட்டு, பணம், மருந்து, மின்னணுக் கருவிகள் ஆகியவற்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். விடுதி எதிர்த்திசையில் இருந்தால் ரயில் நிலையத்தின் பொருள் வைப்பறையைப் பயன்படுத்தலாம்.

பெட்டியோடு நேரே தலத்துக்குச் செல்வது மட்டும் கூடாது. பாரிசின் நோத்ர தாம் பேராலயத்துக்குள் பயணப் பெட்டிகளுக்கு அனுமதியில்லை, அவற்றை வைத்துக்கொள்ளும் இடமும் அங்கே இல்லை. தாஜ்மகாலிலும் பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். வண்டியிலேயே பெட்டிகளை விட்டு ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்வது உண்டு; வண்டி எண்ணையும் ஓட்டுநரின் கைப்பேசி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் அதைச் செய்யக் கூடாது.

நேரம் குறிப்பிட்ட சீட்டை முன்பதிவு செய்யலாமா?

காலை முதல் நேரத்துக்கு என்றால் செய்யலாம், பிற்பகலுக்கு என்றால் வேண்டாம். ஸ்பெயினின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்ப்ரா கோட்டை வளாகத்தில் நஸ்ரித் அரண்மனைகளுக்கான நுழைவு நேரம் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் அந்தப் பகுதி கைவிட்டுப்போகும். பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியா தேவாலயத்திலும் நேரக் கட்டுப்பாடு உண்டு. விமானம் முன்கூட்டி மாற்றப்பட்டால் பிற்பகல் சீட்டின் பணம் வீணாகும். காலைச் சீட்டுக்கு அந்த ஆபத்து குறைவு. அத்துடன், சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்கு முந்திய முதல் ஒரு மணி நேரமே எந்தப் புகழ்பெற்ற இடத்துக்கும் நல்ல நேரம்.

குறைந்த நேரத்தில் ஒரு பெரிய கட்டடத்தை எப்படிப் பார்ப்பது?

முழுவதையும் பார்க்க முயலாமல், எதைப் பார்ப்பது என்று முன்பே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். ரோமின் பாந்தியனை எடுத்துக்கொண்டால், அதன் குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சி வரையிலான உயரமும் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 43 மீட்டர். இரும்புக் கம்பி சேர்க்காத கான்கிரீட்டில் இதைவிடப் பெரிய குவிமாடம் இன்று வரை உலகில் இல்லை. உச்சியில் ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறப்பு இருக்கிறது. மழை அதன் வழியாக உள்ளே பெய்யும், அந்த நீர் வடிவதற்கான துளைகள் தரையில் இருக்கின்றன. உச்சியின் திறப்பு, சுவரில் நகரும் வெயில் வட்டம், தரையின் துளைகள் ஆகிய மூன்றையும் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். 609இலிருந்து அது தேவாலயமாக இருந்துவருவதால்தான் பழைய ரோமானியக் கட்டடங்களில் அது இவ்வளவு நன்றாகப் பிழைத்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு நின்றால், பார்வைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் இதே முறை பொருந்தும். 1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த அந்தக் கோயிலின் விமானத்தை, அதாவது கருவறைமேல் எழும் கோபுரத்தை, அண்ணாந்து பார்ப்பதோடு பலரும் திரும்பிவிடுகிறார்கள்; அதன் நிழல் தரையில் விழாது என்ற கதையையும் கேட்டு நம்பிவிடுகிறார்கள், நிழல் விழத்தான் செய்கிறது. அடித்தளத்தை ஒட்டி நடந்தால் கோயிலுக்கு வழங்கப்பட்ட கொடைகளையும் பணியாளர்களையும் பற்றிய கல்வெட்டுகள் கண்ணுக்கு நேரே இருக்கின்றன. எழுத்து புரியாவிட்டாலும், ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கேடு கல்லில் விரிந்து கிடப்பதைப் பார்க்கிறோம் என்பது தெரிந்தால், விமானத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

உடை விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தோள்களையும் முழங்கால்களையும் மறைக்கும் உடை பெரும்பாலான வழிபாட்டுத் தலங்களுக்குப் போதும். கடைசி நாளின் சிக்கல் என்னவென்றால், அத்தகைய உடைகள் எல்லாம் பெட்டிக்குள் மடிக்கப்பட்டு, விமானப் பயணத்துக்கு வசதியான அரைக்கால் சட்டையில் கிளம்பிவிடுகிறோம். புனித பேதுரு பேராலயத்திலும் பாங்காக் பேரரண்மனையிலும் அந்த உடையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு நீண்ட துண்டைக் கைப்பையில் வைத்திருந்தால் அமிர்தசரஸ் பொற்கோயிலில் தலையை மறைக்கவும் பள்ளிவாசல்களில் தோளை மறைக்கவும் உதவும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் விதி இன்னும் கண்டிப்பானது: ஆண்கள் மேலாடையின்றி வேட்டியில்தான் உள்ளே செல்ல முடியும். பாதணிகளைக் கழற்ற வேண்டிய இடங்களுக்கு எளிதில் கழற்றக்கூடியவற்றை அணிய வேண்டும்; மியான்மரின் யாங்கோனிலுள்ள ஷ்வேடகோன் பௌத்த ஆலயத்தில் காலுறையையும் கழற்றிவிட வேண்டும்.

கடைசி நாள் ஒரு திருவிழாவோடு வந்தால் நல்லதுதானே?

திருவிழாவைப் பார்ப்பது நல்லதுதான், அன்றே கிளம்புவதாக இருக்கக் கூடாது. சாலைகள் மூடப்படும், வண்டிகள் கிடைக்காது. சில இடங்களில் விமான நிலையமே மூடப்படும். பாலித் தீவில் நியேபி என்னும் மௌன நாளன்று 24 மணி நேரம் விமானங்கள் இயங்குவதில்லை, வெளியூரார் உட்பட யாரும் தெருவில் நடமாடவும் முடியாது. இஸ்ரேலில் யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று பென் குரியன் விமான நிலையம் இயங்காது. திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமியின் ஆராட்டு (நீராட்டு) ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், விமான ஓடுபாதையைக் கடந்தே கடற்கரைக்குச் செல்கிறது. அந்தச் சில மணி நேரத்துக்கு விமானங்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன. இந்நாட்களில் பல சந்திரன் அல்லது விண்மீனின் கணக்கைப் பின்பற்றுவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். சீட்டு எடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

“இன்று இந்த இடம் மூடியிருக்கிறது” என்று தெருவில் ஒருவர் சொன்னால் நம்பலாமா?

வாசல் வரை போய் நாமே பார்க்காமல் நம்பக் கூடாது. பாங்காக் பேரரண்மனைக்கு அருகே இது மிகப் பழைய ஏமாற்று வித்தை: நல்ல உடையணிந்த ஒருவர் கனிவாகப் பேசி, அரண்மனை பிற்பகலில்தான் திறக்கும் என்று சொல்லி, குறைந்த கட்டணத்தில் ஒரு டுக்-டுக் வண்டியில் ஏற்றிவிடுவார், வண்டி கடைசியில் நகைக்கடையில் போய் நிற்கும். அவசரத்தில் இருப்பவரே இதற்கு எளிதில் இரையாவார்.

படம் எடுக்கலாமா?

வாசலில் உள்ள அறிவிப்பைப் பார்க்க வேண்டும். வாட்டிகனின் சிஸ்டின் சிற்றாலயத்தில் படமெடுக்கத் தடை உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசியையே கொண்டுசெல்ல முடியாது. விமானச் சீட்டும் விடுதி முகவரியும் கைப்பேசிக்குள் மட்டும் இருந்தால், அதை வெளியே பாதுகாப்பறையில் ஒப்படைக்கும்போது ஒரு தாள் நகல் கையில் இருப்பது நல்லது.

முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால்?

படிக்கட்டுகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு 551 படிகள். மின்தூக்கியில் சென்றாலும் மேலே 320 படிகள் ஏறியாக வேண்டும். கோலாலம்பூர் அருகே பத்துமலைக் குகைக்கு 272 படிகள். இரவு முழுவதும் இருக்கையில் அமர்ந்து பயணம் செய்யப்போகும் முழங்கால்களுக்கு அன்று பகலில் இந்த வேலையைத் தர வேண்டியதில்லை. ஏற விரும்புபவர்கள் ஏறட்டும், மற்றவர்கள் கீழே காத்திருக்க நிழலும் இருக்கையும் உள்ள இடமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

நள்ளிரவுக்குப் பிறகுதான் விமானம் என்றால் மாலையில் எங்கே செல்வது?

மூடாத இடங்களுக்குச் செல்லலாம். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி ஆலயம் இரவும் பகலும் திறந்திருக்கிறது, கட்டணமும் இல்லை. பகலில் நெரியும் அதன் செந்நிறத் தோரண வாயில்களின் வரிசையில் இரவில் தனியாகவே நடக்கலாம். டோக்கியோவின் சென்சோ-ஜி பௌத்த ஆலயத்தில் முதன்மை மண்டபம் மாலை 5 மணிக்கு மூடினாலும் வளாகத்தில் உலவலாம். எருசலேமின் மேற்குச் சுவரும் அமிர்தசரஸ் பொற்கோயில் வளாகமும் இரவிலும் திறந்திருக்கும்.

புனித நீர், சிலை, ஒரு சிறு கல் போன்றவற்றை எடுத்து வரலாமா?

நீரைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையிலுள்ள திரவம் 100 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. சிறிய சூலம், வேல் போன்ற கூர்மையான பொருள்களையும் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

சிலைகளில்தான் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. புதிதாகச் செய்யப்பட்டு, பழையதுபோல் தோன்றும் சிலையை வாங்கினால் விலைச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். தாய்லாந்திலிருந்து புத்தர் சிலைகளைக் கொண்டுசெல்ல நுண்கலைத் துறையின் உரிமம் வேண்டும். துருக்கியில் பழம்பொருள் எதையும் நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம். இடிபாடுகளுக்கிடையே கிடக்கும் கல்லை எந்த நாட்டிலும் எடுக்கக் கூடாது. அது விமான நிலையத்தில்தான் கண்டுபிடிக்கப்படும், அன்று விளக்கம் சொல்ல நேரம் இருக்காது.

விமானம் தாமதம் என்று செய்தி வந்தால் இன்னோர் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாமா?

விடுதியில் இருக்கும்போதே செய்தி வந்து, தாமதம் பல மணி நேரம் என்று விமான நிறுவனம் எழுத்தில் உறுதி செய்தால் மட்டும், நடந்து போகும் தொலைவிலுள்ள இடத்துக்குப் போகலாம். அறிவிக்கப்பட்ட தாமதம் குறைவதும் உண்டு. செக்-இன் கவுன்ட்டர் பழைய நேரத்திலேயே மூடப்படுவதும் உண்டு. பெட்டிகளை ஒப்படைத்துக் குடியேற்றச் சோதனையைத் தாண்டிய பிறகு வெளியே வர முயல வேண்டாம்.